நாலு விரல்

பளீல் நானாவிடம் எடையைக் கேட்டேன்.
எழுபது என்றார்.
ஏறி உட்கார்ந்ததும்
தொண்ணூறு என்றது தோணி.

பேரை வாவியில் ஞாயிறு காலைகளில்
கல்லூரிப் பெண்களுக்கு நான் துடுப்புப் பழக்கும் கனோ இது.
லொறியில் சேதவத்தைக்கு வந்திருக்கிறது.
இங்கே களனி கங்கை
மூன்றாம் நாளாகத் தபால்பெட்டிகளின் வாய்க்குள்
நுழைந்து நுழைந்து வெளியேறுகிறது.

ஏற்றவேண்டியவை:
தையல் மெஷினின் தலை, கால் இல்லாமல்.
இருபது கிலோ கீரிச்சம்பா.
ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் எட்டு.
காலியான காஸ் சிலிண்டர் ஒன்று
(காலிதான், ஆனாலும் விட்டுவர முடியாது;
அந்த வரிசைகளில் நின்றவர்களுக்குத் தெரியும்).
என்னோடு நாலு பேர்.
பிறகு பிரிசில்லா அக்காவின் மடியில்
சேலைத்துண்டால் சுற்றிய ஒன்று.
அதைப் பற்றிக் கேட்கக்கூடாது.

கனமானது கீழே, நடுவில்.
சிலிண்டரைப் படுக்கவைத்துக் கட்டினேன்.
மெஷினை வயிற்றுப்பகுதியில் இறக்கினேன்.
நானா அதன்மேல் குந்தப் பார்த்தார்,
கடை முதலாளி தரையில் இருப்பதாவது என்று.
"நீங்களும் கனமான சாமான்தான், நானா. கீழே."
தினுக்க சிரித்தான்.
அவனுக்கு இந்த அளவு தமிழ் விளங்கும்.

பிறகு தோணிக்குள்
ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினேன்.
என்னிடமுள்ள தராசு அதுதான்.
தண்ணீர் கொஞ்சம் யோசித்தது.
இடப்பக்கம் நடந்தது.
நேரே பிரிசில்லா அக்காவின் பாதத்தில் போய் நின்றது.

எல்லோரும் அதைப் பார்த்தோம்.
அக்கா வானத்தைப் பார்த்தாள்.

"சீட்டுக்காசு," என்றாள் கடைசியில்.
"ஒழுங்கை முழுக்கக் கட்டினது. பாதி சில்லறை."
நானா தொண்டையைச் செருமினார்.
இரண்டு மாதமாக அவர் கட்டவில்லை.

நடுவில் வை என்றால் வைக்கமாட்டாள்.
சரி.
நானாவை வலப்பக்கம் ஒரு சாண் நகர்த்தினேன்,
அரைச் சாண் பின்னே இழுத்தேன்.
தரவேண்டியவரும் வாங்கவேண்டியவளும்
முதுகோடு முதுகு முட்ட
தண்ணீர் நடுக்கோட்டுக்குத் திரும்பியது.
விளிம்புக்கும் வெள்ளத்துக்கும் இடையே நாலு விரல்.
என் விரலால் நாலு. நானாவின் விரலால் மூன்று.

எதிர்நீரில் அணியம் ஒரு துளி தாழவேண்டும்.
கூடத் தாழ்ந்தால் மூக்கால் உழும்;
அமரம் தாழ்ந்தால் தலை நிமிர்ந்து
காற்றோடு கதைக்கப் போய்விடும்.
அரிசியை ஓரடி முன்னே தள்ளினேன். போதும்.
முன்னால் தினுக்க
மூங்கிலால் தட்டிச் சொல்லிக்கொண்டு வந்தான்:
மதில், மதில், மோட்டார்சைக்கிள்,
பிறகு ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லாத இடத்தில்
ஒரு நுளம்பு நானாவின் காதில் உட்கார்ந்தது.
அவர் அடிக்கவில்லை.
கை உயர்ந்தால் எத்தனை விரல் மிஞ்சும் என்று
இப்போது அவருக்குக் கணக்குத் தெரியும்.

பாலத்தடியில் அக்கா
மூட்டையை முதலில் கரையேற்றினாள், பிறகு தன்னை.
நானா ஏதோ சொல்ல வந்தார்.
சொல்லாமல் ஒரு போத்தலின் மூடியைத் திருகி
அவளிடம் நீட்டினார்.
பாலத்தில் நின்ற தாகம்
எட்டையும் அங்கேயே முடித்துவிட்டது.

இன்னும் ஒரு வீடு இருக்கிறது.
தினுக்கவை அவன் அம்மா திரும்ப விடவில்லை.

பாரம் போனதும் தோணி சொல் கேட்கவில்லை.
நான் அமரத்தில், அதன் மூக்கு ஆகாயத்தில்.
காற்று எங்களைத் தூக்கி
அந்த மதிலுக்கும் இந்த மதிலுக்கும் எறிந்தது.
எவ்வளவு வலித்தாலும் வட்டம்தான்.

வெறும் போத்தல் எட்டையும்
வெள்ளத்தில் அமுக்கிப் பிடித்தேன்.
ஒவ்வொன்றாய்க் குடித்து நிரம்பின,
பழுப்பாய், டீசல் மணத்தோடு.
அணியத்தில் அடுக்கினேன்.
மூக்கு இறங்கியது.
துடுப்புக்குப் பதில் சொன்னது தோணி.

இருபத்தேழாம் இலக்கத்தில் யார் இருக்கிறார்கள்,
என்ன எடை, மடியில் எதை மறைப்பார்கள்,
தெரியாது.
அவர்கள் ஏற ஏற
ஒவ்வொரு போத்தலாய்த் திருப்பி ஊற்றவேண்டும்.